அந்திமந்தாரையில் ராணி கலர் கோடு

கேள்வி:

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கத்தில் குடியிருக்கிறோம். வாசலில் ஒரு அந்திமந்தாரைச் செடி இருக்கிறது. என் நாத்தனார் கொடுத்த விதை. மஞ்சள் பூ என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் பூத்தபோது மஞ்சளில் ராணி கலர் கோடும் புள்ளியுமாக வருகிறது. சில பூக்கள் பாதிக்குப் பாதி. ஒரே ஒரு கிளையில் மட்டும் எல்லாப் பூவும் முழு ராணி கலர். பிளஸ் டூ படிக்கும் என் மகள், “இது முழுமையற்ற ஓங்குத்தன்மை. புத்தகத்தில் இதே செடியைத்தான் போட்டிருக்கிறார்கள்” என்கிறாள். அவளுடைய டியூஷன் சார், “அதில்லை, இது தாவும் மரபணு” என்றாராம். எது சரி?

இன்னொன்று. மனித டிஎன்ஏவில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதம்கூட இல்லை, மீதியில் ஏறக்குறைய பாதி இந்தத் தாவும் சரக்குதான் என்கிறார் சார். குப்பையாகக் கிடப்பது எப்படி மரபணுவைக் கட்டுப்படுத்தும் என்று மகள் என்னைக் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக, எங்கள் பக்கம் ஒரு பயிற்சி வகுப்புக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். உடம்பில் 98 சதவீத டிஎன்ஏ தூங்குகிறதாம், அதை எழுப்பினால் சர்க்கரை, பிரஷர் எல்லாம் போய்விடுமாம். என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கலாமா?

— ஒரு வாசகி, பாரிவாக்கம்

பதில்:

டியூஷன் சார் சொன்னதுதான் சரி. மகள் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது இதே செடிதான், ஆனால் பாடம் வேறு. சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் பிள்ளைச் செடியில் இளஞ்சிவப்புப் பூ வரும். அதுதான் முழுமையற்ற ஓங்குத்தன்மை. அங்கே பூவின் ஒவ்வொரு செல்லும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். கோடு விழாது, திட்டு விழாது. உங்கள் செடியிலோ ஒரே பூவில் ஒரு செல் மஞ்சள், பக்கத்துச் செல் ராணி கலர். ஒரே விதையிலிருந்து வந்த செல்கள் இப்படி வேறுபட்டு நிற்கின்றன என்றால், செடி வளர்கிறபோதே டிஎன்ஏவில் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

அதே புத்தகத்தில் கார்ல் காரென்ஸ் என்ற ஜெர்மானியர் 1909இல் இந்தச் செடியின் வெள்ளை, பச்சைத் திட்டு இலைகளை வைத்துச் செய்த சோதனையும் வரும். அது பசுங்கணிகத்தின் டிஎன்ஏ சம்பந்தப்பட்டது, தாய்வழியாக மட்டும் வருவது. பூவின் கோட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தேர்வில் பல பிள்ளைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இனி பூவுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். அந்திமந்தாரையின் நிறம் பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருக்கிற அதே பீட்டாலெய்ன் வகை. இதில் மஞ்சளுக்கும் ராணி கலருக்கும் தொடக்கப் பொருள் ஒன்றே. சி.ஒய்.பி.76ஏ.டி3 என்ற மரபணு ஒரு நொதியைத் தருகிறது. அந்த நொதி வேலை செய்தால் ராணி கலர் கிடைக்கும். வேலை செய்யாவிட்டால் மஞ்சளோடு நின்றுவிடும். கோடு விழுகிற அந்திமந்தாரையை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த மரபணுவுக்கு நடுவே ஒரு தாவும் துண்டு, அதாவது டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் மாறக்கூடிய ஒரு பகுதி, வந்து உட்கார்ந்திருந்தது. துண்டு உள்ளே இருக்கும்வரை மரபணு செயலற்றுக் கிடக்கும், செல் மஞ்சளாக இருக்கும். ஏதாவது ஒரு செல்லில் அந்தத் துண்டு தன்னை வெட்டிக்கொண்டு வெளியேறினால் மரபணு மறுபடி வேலை செய்யும். அந்தச் செல்லும் அது பிரிந்து உண்டாகும் செல்களும் ராணி கலராகும். உங்கள் செடியின் டிஎன்ஏவை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய அடையாளங்கள் எல்லாம் இதோடு அப்படியே பொருந்துகின்றன.

அடுத்த முறை பூக்கும்போது மகளைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். திட்டின் அளவே துண்டு எப்போது வெளியேறியது என்பதைக் காட்டிவிடும். மொட்டு ஏறக்குறைய உருவாகி முடிந்த பிறகு வெளியேறியிருந்தால் சிறு புள்ளி. மொட்டின் தொடக்கத்திலேயே வெளியேறியிருந்தால் பாதிப் பூ. கிளை துளிர்க்கும் முன்பே வெளியேறியிருந்தால் கிளை முழுவதும் ராணி கலர். உங்கள் செடியில் மூன்றும் இருக்கின்றன. கல்லூரி ஆய்வகத்தில்கூட இவ்வளவு தெளிவாகக் காட்டுவது கடினம்.

இதைச் சோதித்தும் பார்க்கலாம். அந்திமந்தாரையில் ஒரு பூவுக்கு ஒரே விதைதான், மிளகு போலக் கறுப்பாக இருக்கும். ராணி கலர் கிளையின் விதைகளைத் தனியாகவும், மஞ்சள் கிளையின் விதைகளைத் தனியாகவும் எடுத்துக் காகித உறையில் பெயர் எழுதி வையுங்கள். தனித்தனித் தொட்டியில் போடுங்கள். துண்டு வெளியேறியது கிளையின் உள்ளடுக்குச் செல்களில் என்றால் ராணி கலர் கிளையின் விதைகளில் பல முழு ராணி கலரில் பூக்கும். மேல்தோலில் மட்டும் நடந்திருந்தால் விதைக்குப் போகாது, பிள்ளைச் செடிகள் பழையபடி கோடு போட்டே பூக்கும். எது வந்தாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அறிவியல் உலகமே 30 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்காமல் விட்டிருந்தது.

பார்பரா மெக்கிளின்டாக் அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மக்காச்சோள முத்துகளின் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து 1940களில் தாவும் துண்டுகளைக் கண்டுபிடித்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘கட்டுப்படுத்தும் கூறுகள்’. அவர் பெரிதாக நினைத்தது தாவலை அல்ல. ஒரு துண்டு போய் உட்கார்ந்ததும் பக்கத்து மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்வது என்பதே மாறிவிடுகிறது என்பதைத்தான் பெரிதாக நினைத்தார். 1951இல் இதைப் பேசியபோது பலருக்குப் புரியவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 81. அப்போதும் உலகம் கொண்டாடியது தாவலைத்தான். கட்டுப்பாடு பற்றி அவர் சொன்னதன் எடை பிறகுதான் புரிந்தது. அவர் எழுதியபடியே எல்லாம் சரியென்று நிரூபணமாகிவிடவில்லை, ஆனால் திசை சரியாக இருந்தது.

நடுவில், 1972இல் சுசுமு ஓனோ ‘குப்பை டிஎன்ஏ’ என்ற சொல்லைப் பரப்பினார். 1980இல் பிரான்சிஸ் கிரிக் உள்ளிட்டோர், இவை தம்மைப் பெருக்கிக்கொள்வதற்காகவே இருக்கும் தன்னல டிஎன்ஏ என்றார்கள். 2001இல் மனித டிஎன்ஏவின் வரைவு வெளியானது. அதில் ஏறக்குறைய 45 சதவீதம் தாவும் துண்டுகளிலிருந்தோ அவற்றின் எச்சங்களிலிருந்தோ வந்தது என்று தெரிந்தது. ‘ஆலு’ என்ற 300 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளத் துண்டு மட்டும் நம்மிடம் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் இருக்கிறது. ‘லைன்-1’ என்பது 5 லட்சம். ஆனால் இன்றும் தாவும் வலுவுள்ள லைன்-1 ஒரு மனிதரிடம் 80 முதல் 100 வரைதான். மீதியெல்லாம் உடைந்து, எழுத்து மாறி, இடத்தை விட்டு நகர முடியாதவை. மக்காச்சோளத்தில் இந்தச் சரக்கு சுமார் 85 சதவீதம்.

இவை மரபணுவைப் பாதிக்கும் எளிய வழியை உங்கள் பூவிலேயே பார்த்தோம். நடுவே உட்கார்ந்து உடைப்பது. மெண்டலின் சுருங்கிய பட்டாணியும் அப்படித்தான். மதன் பட்டாச்சார்யாவும் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்துச் சகாக்களும் 1990இல் காட்டினார்கள்: மாவுச்சத்து உருவாக்கும் ஒரு மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்துள்ள தாவும் துண்டு ஒன்று புகுந்ததால்தான் அந்தப் பட்டாணி சுருங்கியது. மரபியலின் முதல் பாடத்திலேயே இது இருந்திருக்கிறது, மெண்டலுக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் உடைப்பது வேறு, கட்டுப்படுத்துவது வேறு. இதைப் புரிந்துகொள்ள டிஎன்ஏ செல்லுக்குள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர். அது இருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள் அடங்குவது. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு எட்டாகச் சேர்ந்து நிற்க, ஒவ்வொன்றையும் 147 எழுத்து நீள டிஎன்ஏ சுற்றிக்கொள்கிறது. இப்படிப் புரதமும் டிஎன்ஏவும் சேர்ந்த கட்டமைப்பைத்தான் குரோமாட்டின் என்கிறோம். இறுக்கமாகச் சுற்றிய இடத்து மரபணு வாசிக்கப்படாது. தளர்ந்த இடத்தில் வாசிக்கப்படும்.

அதற்கு மேல் இன்னொரு மடிப்பு உண்டு. புடவையில் கொசுவம் வைக்கும்போது, விரித்தால் இரண்டு முழம் தள்ளி இருக்கிற இரண்டு பூவேலைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அல்லவா? டிஎன்ஏவும் அப்படி மடிகிறது. மரபணுவை முடுக்கிவிடும் பகுதி லட்சக்கணக்கான எழுத்து தள்ளி இருந்தாலும், மடிப்பில் பக்கத்தில் வந்து நிற்பதால் வேலை செய்கிறது. அடுத்த மடிப்பில் இருக்கும் மரபணுவை அது தொந்தரவு செய்யக் கூடாது. ஆகவே மடிப்புகளுக்கு இடையே எல்லை வேண்டும். பாலூட்டிகளில் அந்த எல்லையைப் போடுவதில் சி.டி.சி.எஃப். என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால்தான் அது பிடித்துக்கொள்ளும்.

அந்த எழுத்து வரிசை எப்படிப் பரவியது? எலிகளில் அதில் கணிசமான பங்கைப் பரப்பியது ‘பி2’ என்ற தாவும் துண்டு. அது பிரதி எடுத்துப் போய் விழுந்த இடமெல்லாம் சி.டி.சி.எஃப். பிடிக்கும் இடமும் கூடவே போனது. 2012இல் பல பாலூட்டிகளை ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். மனித ஸ்டெம் செல்களில் இன்னும் நேரடியான சான்று கிடைத்தது. நம் டிஎன்ஏவில் ஊறிப்போன ஒரு பழைய வைரஸின் எச்சமான ‘ஹெர்வ்-எச்’ சில இடங்களில் எல்லையாக நிற்கிறது. 2019இல் அதை வெட்டி எடுத்தபோது அந்த எல்லை மறைந்தது, வேறோர் இடத்தில் செருகியபோது புதிய எல்லை எழுந்தது. இத்தகைய சோதனையைத்தான் நான் சான்று என்று ஏற்பேன். ஓர் இடத்தில் இருக்கிறது என்பதாலேயே அதற்கு வேலை உண்டு என்று ஆகிவிடாது. எடுத்தால் என்ன ஆகிறது, வைத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு நெருக்கமான வேலை நடந்திருக்கிறது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் ராகேஷ் மிஸ்ரா குழு, ஜி-ஏ-டி-ஏ என்ற நான்கெழுத்து திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் முடுக்கிக்கும் மரபணுவுக்கும் நடுவே வைக்கப்பட்டால் தடுப்பாக நிற்கின்றன என்று 2013இல் வெளியிட்டது. இந்த வரிசையின் மீது கவனம் விழுந்ததற்குக் காரணம், அதே நிறுவனத்தின் லால்ஜி சிங் கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் பால்குரோமோசோமில் கண்டெடுத்த, திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். நம் நாட்டு டிஎன்ஏ கைரேகைச் சோதனை வளர்ந்ததும் அவற்றை வைத்துத்தான். இவை தாவுவன அல்ல, திரும்பத் திரும்ப வருவன மட்டுமே. ஆனாலும் பயனற்றவை என்று ஒதுக்கிய பகுதியிலிருந்து எல்லை எழுவதை இந்தியச் சோதனைக்கூடம் காட்டிய விதத்தில் எனக்கு இதில் தனி மதிப்பு.

வெங்கடேசன் சுந்தரேசன் செய்ததையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பேராசிரியர், 2024இல் வேளாண்மைக்கான உல்ஃப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மெக்கிளின்டாக்கின் மக்காச்சோளத் துண்டையே எடுத்து, அதற்குள் நீல நிறம் காட்டும் ஒரு மரபணுவைப் பொருத்தி, கடுகு இனச் சிறுசெடி ஒன்றுக்குள் விட்டார். 1995இல் அவர் குழு வெளியிட்ட முறை இது. துண்டு எங்கே போய் விழுகிறதோ, அந்த இடத்து முடுக்கி அதையும் முடுக்கிவிடும். வேரில் முடுக்கினால் வேர் நீலம், சூலில் முடுக்கினால் சூல் நீலம். விழுந்த துண்டு அக்கம்பக்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதற்கு நேர்மாறாக, அக்கம்பக்கம் துண்டின் கட்டுப்பாட்டுக்குள் போவதும் உண்டு. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை புதர் போலக் கிளைக்கும், நாம் விதைப்பது ஒற்றைத் தண்டாக நிற்கும். அந்த வேறுபாட்டுக்கு முக்கியமான மரபணுவிலிருந்து சுமார் 60,000 எழுத்து தள்ளி ‘ஹாப்ஸ்காட்ச்’ என்ற துண்டு உட்கார்ந்து அதன் வேலையைக் கூட்டுகிறது. நெல்லில் ‘எம்பிங்’ என்ற சிறு துண்டு விழுந்த சில மரபணுக்கள் குளிரிலும் உப்பிலும் விழித்துக்கொள்ளும் தன்மையைப் பெற்றன. நம் உடம்பிலேயே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் முன்னோர் குரங்கினத்துக்குள் புகுந்த ‘மெர்41’ என்ற வைரஸ் எச்சம், ஏ.ஐ.எம்.2 என்ற நோயெதிர்ப்பு மரபணுவை முடுக்குகிறது. 2016இல் அந்த எச்சத்தைச் செல்லிலிருந்து வெட்டியெடுத்தபோது, தொற்று வந்தால் உடம்பு அனுப்பும் இன்டர்ஃபெரான் சமிக்ஞைக்கு அந்த மரபணு அசையவே இல்லை.

அப்படியானால் எல்லாமே பயனுள்ளவையா? இல்லை. 2012இல் ஒரு பெரிய கூட்டுத் திட்டம் மனித டிஎன்ஏவில் 80 சதவீதத்துக்கு உயிர்வேதியியல் செயல்பாடு உண்டு என்று அறிவித்ததும், பத்திரிகைகள் ‘குப்பை என்பதே இல்லை’ என்று எழுதின. அது மிகை. ஒரு புரதம் வந்து ஒட்டுவதும் அந்த இடத்துக்கு வேலை இருப்பதும் ஒன்றல்ல. 10 லட்சம் ஆலுவில் பெரும்பாலானவை சும்மாதான் கிடக்கின்றன. சில மட்டும் பயனுக்கு வந்துவிட்டன. எவை என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

செல் இவற்றை எப்படி அடக்கி வைக்கிறது என்பதில்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையும் இருக்கிறது. டிஎன்ஏ எழுத்தின் மீது மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டி, ஹிஸ்டோன்களை இறுக்கி, இந்தத் துண்டுகளை வாசிக்க முடியாதபடி செல் பூட்டி வைக்கிறது. தாவரங்களில் எந்தத் துண்டைப் பூட்டுவது என்று சிறு ஆர்.என்.ஏ.க்கள் அடையாளம் காட்டுகின்றன. பெங்களூரு என்.சி.பி.எஸ். நிறுவனத்தில் பி.வி. சிவபிரசாத் குழு நெல்லில் இதைத்தான் ஆராய்கிறது.

பூட்டுத் திறந்தால் என்ன ஆகும் என்பதை மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் காட்டின. நம் மக்கள் தலைமுறைகளாக உழைத்த நிலம் அது. நல்ல மரத்திலிருந்து திசு வளர்ப்பில் கன்றுகள் எடுத்தார்கள். எழுத்துக்கு எழுத்து தாய்மரத்தின் டிஎன்ஏதான். ஆனால் சில ஆண்டுகள் கழித்துக் காய்த்தபோது ஒரு பகுதி மரங்களில் பழம் கோணலாகி, எண்ணெய் குறைந்தது. மலேசிய பாமாயில் வாரியத்தின் குழு 2015இல் காரணத்தைக் கண்டது. பூ உருவாக்கும் ஒரு மரபணுவுக்குள் ‘கர்மா’ என்ற தாவும் துண்டு காலகாலமாக இருக்கிறது. அதன்மீது மெத்தில் பூட்டு இருந்தால் பழம் சரியாக வரும். திசு வளர்ப்பில் பூட்டு கழன்ற கன்றுகளில் மரபணு தவறாக வாசிக்கப்பட்டுப் பழம் கெட்டது. துண்டு தாவவே இல்லை, எழுத்து எதுவும் மாறவில்லை, பூட்டு மட்டும்தான் கழன்றது. இப்போது கன்றாக இருக்கும்போதே இலையில் இதைச் சோதித்துக் கழிக்க வழி கிடைத்திருக்கிறது.

மனிதரிலும் பூட்டுக் கழல்வது நல்லதில்லை. லைன்-1 தாவி ரத்த உறைவுக்கான எட்டாம் காரணி மரபணுவில் விழுந்து ஹீமோஃபிலியா வந்த குழந்தைகளை 1988இல் கண்டறிந்தார்கள். பல புற்றுநோய்க் கட்டிகளில் லைன்-1 விழித்துக்கொண்டு தாவுவதைப் பார்க்கிறோம். மெத்தில் பூட்டை வேண்டுமென்றே கழற்றும் மருந்துகளும் இருக்கின்றன. அசாசிட்டிடின் அதில் ஒன்று. சில ரத்தப் புற்றுநோய்களுக்கு மருத்துவமனையில், ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்த்துக்கொண்டே கொடுக்கும் கடுமையான மருந்து அது.

ஆகவே நோட்டீஸில் சொன்ன 98 சதவீதக் கணக்கு தப்பு. புரதம் தராத பகுதி தூங்கும் பகுதி அல்ல. அதில் ஒரு பங்கு மேலே சொன்னபடி விழித்தே வேலை செய்கிறது. அடக்கி வைத்திருக்கும் பங்கை உடம்பு காரணத்தோடுதான் அடக்கி வைத்திருக்கிறது. மூச்சுப் பயிற்சியோ தியானமோ மனதுக்கு இதம் தந்தால் செய்யலாம், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் எந்தப் பயிற்சியும் தாவும் துண்டுகளை எழுப்பிச் சர்க்கரையைப் போக்கியதாகச் சான்று இல்லை. அந்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். முக்கியமாக, அதை நம்பி உங்கள் கணவர் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. மாத்திரைச் செலவுதான் கவலை என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள்.